நேர்ச்சைத் தாடி

2011 வாக்கில் நாகர்கோவிலில் நான் ஆராய்ச்சி மாணவி. எங்கள் ஆய்வகத்தில் புரதங்களை எடைபோடும் மாஸ் ஸ்பெக் இயந்திரத்தை இயக்கியவர், இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரர். நெஞ்சு வரை தாடி. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்து வளர்ப்பதாகச் சொல்வார்கள். திரையைப் பார்க்கும்போதெல்லாம் கை அதைத் தடவிக்கொண்டே இருக்கும்.

எலியின் மூளையில் ஒரு புரதம் எவற்றோடு கூட்டுச் சேர்கிறது என்பதே என் ஆராய்ச்சி. அதைப் பிடித்திழுத்தால் கூட்டாளிகளும் ஒட்டிக்கொண்டு வரும். அவை எவை என்று இயந்திரம் எடைபோட்டுச் சொல்லும். எனக்கு அது சொன்னதெல்லாம் கெரட்டின். மனித முடியிலும் தோலிலும் இருக்கும் புரதம் அது. மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. என் முடிதான் விழுகிறதோ என்று கூந்தலைத் தொப்பிக்குள் அடக்கி மறுபடி செய்தேன். அப்போதும் அதேதான். கடைசியாக ஒரு சிறு குழாய் அளவு சாம்பிள்தான் மிச்சம் இருந்தது.

அவர் திரையையும் தன் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மக்கா, அது ஒனக்க முடியில்ல, எனக்கதாக்கும். மிச்சத்த நாளைக்குப் போடுவோம்."

மறுநாள் மழித்த முகத்தோடு வந்தார்.

"அண்ணே, நேர்ச்சை முடிஞ்சாச்சா?" என்றேன்.

"இல்ல. அத மாதாகிட்ட நான் சொல்லிக்கிடுவேன். நீ சாம்பிளைக் கொண்டா."

அன்று கூட்டாளிப் புரதம் தெளிவாகத் தெரிந்தது. எனக்குப் பட்டம் வாங்கித் தந்தது அதுதான். திரையைப் பார்த்தபடி தாடியைத் தேடிப்போன அவர் கை, பாதி வழியில் நின்று இறங்கியது.

என்ன வேண்டி வளர்த்தார் என்று அவர் சொல்லவில்லை. பூதப்பாண்டி சிவன் கோயிலுக்குப் போய் வளர்ந்தவள் நான், ஆனாலும் மாதா கோயில் எதைக் கடந்தாலும், அவர் கேட்டதைக் கொடுத்துவிடு தாயே என்று நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகிறேன்.