வெள்ளியங்கிரி நம்பிய பம்ப்

கருமத்தம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் நின்றுபோனால் வெள்ளியங்கிரியைத்தான் கூப்பிடுவார்கள். வேலை சுத்தம். ஆனால் மனுஷன் யார் சொல்வதையும் நம்ப மாட்டார். "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க" என்று தோட்டக்காரர் சொன்னால், "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டே ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றுவார். பெட்டி பிரிக்காத புது மோட்டாரைக்கூட அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்த பிறகுதான் கிணற்றில் இறக்குவார். அவர் வருவதற்குள் யாராவது மோட்டாரைத் தட்டி, எண்ணெய் விட்டு, எப்படியோ ஓட வைத்திருந்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "கோளாறை என்ற கண்ணுல காட்டோணுமுங்க. மறைச்சுப்போட்டா நான் எதைப் பாக்கறது?" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துவிடுவார்.

அவருக்கு ஒரே மகள், கயல்விழி. பிறவியிலேயே இதயக் கோளாறு. ஆறு வயதில் வேலூரில் ஆபரேஷன் செய்து, இனி பயமில்லை என்று அனுப்பினார்கள். வெள்ளியங்கிரி அதையும் நம்பவில்லை. பதினாறு வருஷம் கழித்து, 1998-இல், அவர் சந்தேகம் பலித்தது. உக்கடத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்த பெண் அப்படியே சுருண்டு விழுந்தாள்.

கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் சீனிவாசலு படம் வரைந்து காட்டினார். பழைய தையல் தழும்பைச் சுற்றி மின்சாரம் தப்பான வழியில் ஓடுகிறது, அப்போது இதயம் நிமிஷத்துக்கு இருநூறு தடவைக்கு மேல் அடிக்கிறது. மாத்திரை அதை அடக்கி வைக்கும், தீர்க்காது. தொடை வழியாக ஒரு கம்பியை இதயத்துக்குள் விட்டு, அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சுட்டுவிட வேண்டும். விட்டுவிட்டால், இன்னொரு தடவை விழுகிறவள் எழுந்திருக்காமல் போகலாம்.

"இடத்தைக் கண்டுபிடிக்க அந்தத் துடிப்பை நாங்களே வர வெப்போமுங்க. தையல் போட்ட இதயம், அந்த நேரம் தாங்காமப் போகலாம். அதனால ரத்தத்தை ஓட்டற மெஷினைப் பக்கத்துலயே ஸ்டாண்ட்பையா வெச்சிருப்போம்" என்றார் டாக்டர்.

ஸ்டாண்ட்பை என்ற அந்த வார்த்தையை வெள்ளியங்கிரி நம்பவில்லை. தோட்டங்களில் ஸ்டாண்ட்பை மோட்டார் என்ற பெயரில் துருவேறிக் கிடப்பவை எத்தனை என்று அவருக்குத் தெரியும். அந்த மெஷினைக் காட்டினால்தான் கையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அதை ஓட்டும் அப்துல் வஹீது வந்து, காலில் உறை மாட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனார்.

புத்தம் புது மெஷின். வெள்ளியங்கிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். வஹீது தண்ணீர் விட்டு ஓட்டிக் காட்டினார். உருளை சுழன்று குழாயை அமுக்க, உள்ளே தண்ணீர் நகர்ந்தது.

"கரண்ட் போச்சுன்னா?"

"பேட்டரி இருக்குதுங்க."

"பேட்டரியும் போச்சுன்னா?"

வஹீது சிரித்துக்கொண்டே ஒரு கைப்பிடியை எடுத்து உருளையில் மாட்டினார். "சுத்த வேண்டீதுதானுங்க. நீங்களே சுத்திப் பாருங்க."

சுற்றிப் பார்த்தார். தடங்கல் இல்லாமல் சுற்றியது. வெள்ளியங்கிரி கையெழுத்துப் போட்டார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் நம்பியது அந்த ஒரு பம்பை மட்டும்தான்.

ஆட்களை நம்பவில்லை. கம்பி விடும் நாளுக்கு ஐந்து நாள் முன்பே மாத்திரையை நிறுத்திவிடச் சொன்னார்கள் பாருங்கள், அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. நன்றாக இருக்கிற பிள்ளையின் மாத்திரையை எதற்கு நிறுத்தச் சொல்கிறார்கள்? நிறுத்தினால் நோய் முற்றும். முற்றினால் மெஷினுக்கு வேலை வரும். புது மெஷின் வாங்கியவன் அதை ஓட்டிப் பார்க்கத்தானே ஆசைப்படுவான்? இந்தக் கணக்கை அவர் மனைவி மாசாணியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. அவள் டாக்டரிடம் சொல்லிவிடுவாள் என்று சந்தேகம்.

வீட்டில் காலையிலும் சாயங்காலமும் காப்பி போடுவது அவர்தான். மாத்திரையைப் பொடித்து மகளுடைய காப்பியில் கலக்கினார். கசப்போடு கசப்பு, யாருக்குத் தெரியப்போகிறது? முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் பிளாஸ்க் காப்பியில் கலந்து கொடுத்தார். மகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் மனதார நினைத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தார்.

"எவ்வளவு தூண்டினாலும் அந்தத் துடிப்பு வரமாட்டேங்குதுங்க. மாத்திரையை நிறுத்தினீங்கதானே?"

"அன்னைக்கே நிறுத்தியாச்சுங்க" என்றாள் மாசாணியம்மாள். வெள்ளியங்கிரி சுவரைப் பார்த்தார்.

"பொண்ணும் அதேதான் சொல்லுது. ஆனா எனக்குச் சந்தேகமா இருக்குது. பயந்துட்டு யாருக்கும் தெரியாம முழுங்கியிருக்கும். இனி பலமான ஊசி போட்டுத் தூண்டிப் பாக்கப் போறேன். அதுக்கு முன்னாடி மெஷினை மாட்டியாகணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் திரும்பினார்.

வெள்ளியங்கிரிக்கு அப்போதுதான் உறைத்தது. கோளாறை மறைத்து வைத்துவிட்டு, மெக்கானிக்கைத் தேட விட்டிருக்கிறோம். அதுவும் பெற்ற பிள்ளையின் நெஞ்சுக்குள். பழியையும் அவள்தான் சுமக்கிறாள்.

"ஏனுங்க டாக்டர், நில்லுங்க. புள்ள மேல தப்பில்லீங்க. அதுக்குத் தெரியாதுங்க. நான்தான் காப்பீல கலந்து குடுத்துப்போட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கம்பியை எடுத்துவிடச் சொல்லிவிட்டு, மூன்று வாரம் தள்ளி இன்னொரு தேதி கொடுத்தார்.

விஷயம் கயல்விழிக்கும் தெரிந்தது. தொடையில் கட்டுப் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் தோளில் சாய்ந்தபடியே ஊர் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சு இல்லை. டாக்டர் கொடுத்த தேதிக்கு ஐந்து நாள் முன்னால் அம்மாவிடம்தான் சொன்னாள்.

"நான் இன்னைக்கே ஆஸ்பத்திரில சேந்துக்கறேனுங்கம்மா. நீங்க மட்டும் கூட வாங்க. அப்பா உள்ள வர வேண்டாம்."

மாத்திரை இல்லாத ஐந்து நாளையும் அவள் படுக்கையில், கண்காணிப்பில் கழித்தாள். வெள்ளியங்கிரி ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் கழித்தார். குறித்த நாளில், தூண்டியதும் துடிப்பு வந்தது. வந்த வேகத்தில் ரத்த அழுத்தம் சரிந்தது. இருபது நிமிஷம் மெஷின்தான் அவள் ரத்தத்தை ஓட்டியது. அதற்குள் இடத்தைப் பிடித்துச் சுட்டுவிட்டார்கள். திரும்பத் தூண்டியபோது துடிப்பு வரவில்லை. இந்தத் தடவை அது நல்ல சேதி.

வஹீதுதான் பெஞ்சுக்கு வந்து சொன்னார். கரண்ட் இருந்ததா, பேட்டரி எப்படி, என்று வெள்ளியங்கிரி ஏதாவது கேட்பார் என்று கொஞ்சம் நின்றும் பார்த்தார். வெள்ளியங்கிரி கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவரை உள்ளே விட்டார்கள். கயல்விழி கண் திறந்து அவரைப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, இத்தனை நாளும் வெளீல சும்மாவா உக்காந்திருந்தீங்க? யாருகிட்டயும் எதையும் கேக்கலீங்களா?"

"ஒண்ணும் கேக்கலை கண்ணு. சும்மாத்தான் இருந்தேன்."

அது சத்தியமான உண்மை. கயல்விழி முகத்தைத் திருப்பி, "நெசந்தானுங்களாம்மா?" என்று மாசாணியம்மாளைக் கேட்டாள்.