டத்தோவுக்குக் காத்திராத நாடகம்

பிரிக்பீல்ட்ஸில் கலை வளர்க்கும் சங்கம் ஒன்று இருந்தது. அது வளர்த்ததெல்லாம் பொன்னாடைக் கடைக்காரரின் வியாபாரத்தைத்தான். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் வராமல் திரை எழாது. டத்தோவோ நேரத்துக்கு வருவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர். வந்ததும் மாலை, பொன்னாடை, தலைமையுரை, வாழ்த்துரை, அந்த வாழ்த்துரைக்கு ஒரு நன்றியுரை. அதற்குள் மண்டபக் காவலாளி சாவியை ஆட்டிக்கொண்டு வந்து நிற்பான். நாடகம் பாதியிலேயே முடிந்துபோகும்.

அந்தப் பாதி நாடகங்களை எழுதி நடித்தவள் சீதாலெட்சுமி. சாலாக் செலாத்தானிலிருந்து பஸ் ஏறி எலெக்ட்ரானிக் தொழிற்சாலைக்குப் போகிறவள். பஸ்ஸிலேயே வசனம் எழுதுவாள். அவள் எழுதிய எந்த நாடகத்தின் கடைசிக் காட்சியையும் ஒரு ஈ காக்கைகூடப் பார்த்ததில்லை. சங்கத் தலைவர் ரெங்கசாமிக்கு அதில் வருத்தமில்லை. போட்டோவில் டத்தோ பக்கத்தில் அவர் முகம் தெளிவாக விழுந்திருந்தால் விழா அமோக வெற்றி.

தொண்ணூற்று நான்கில், நகரத்தின் சின்னச் சின்ன நாடகக் குழுக்கள் சேர்ந்து ஒரு விழா எடுத்தன. மண்டபம் கிடையாது, கடைவீட்டு மாடிகள்தான். மலாய்க் குழுவின் விளக்கில் சீனக் குழு ஆடும். சீனக் குழுவின் நாற்காலியில் தமிழர்கள் உட்காருவார்கள். ஒரு குழு நடித்தால் மற்றக் குழுக்களே கூட்டம். ஆளுக்கு அரை மணி நேரம். நேரமானால் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்துவிட வேண்டும். சீதாலெட்சுமிக்கும் ஒரு நாள் சாயங்காலம் கிடைத்தது.

அதற்கும் ரெங்கசாமி டத்தோவை அழைத்துவிட்டார். அவருக்கு வேறென்ன தெரியும்?

நேரமாகியும் டத்தோ வரவில்லை. "டத்தோ இல்லாம ஸ்டார்ட் பண்ணாத லா. நான் கீழ போய் நிக்கிறேன்" என்றார் ரெங்கசாமி.

"காத்திருந்தா நம்ம டைம் முடிஞ்சிரும்ண்ணே. கடைசி சீன் போயிரும்."

"போனா போவுது. சீனா முக்கியம்?"

அவர் படியிறங்கியதும் சீதாலெட்சுமி, விளக்குப் போட வந்திருந்த மலாய்க்காரப் பையன் ரஹீமிடம் கதவைச் சாத்தச் சொன்னாள்.

குடிகாரக் கணவனுக்குக் கதவைத் திறக்க மறுக்கும் ஒருத்தியின் கதை அது. கடைசிக் காட்சியில் கணவன் வெளியே நின்று தட்ட வேண்டும். அந்த நடிகர் கையை ஓங்குவதற்குள் மாடியின் நிஜக் கதவு இடிபட்டது.

"தெறங்க. டத்தோ வந்துட்டாரு, கதவத் தெறங்க."

சீதாலெட்சுமி நிஜக் கதவைப் பார்த்தே தன் வசனத்தைச் சொன்னாள். "ஒனக்காகக் காத்திருந்ததெல்லாம் போதும். போயிரு."

தமிழ் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெரியாதவர்கள் அதுவும் நாடகம்தான் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. நாடகம் முழுசாக முடிந்தது.

கதவைத் திறந்தபோது டத்தோவின் கார் போய்விட்டிருந்தது. மடிப்புக் கலையாத பொன்னாடையோடு ரெங்கசாமி நின்றார்.

"இனிமே சங்கத்துல ஒனக்கு எடம் இல்ல" என்றார். நாடகம் எப்படிப் போனது என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் போனதும் ரஹீம் வயரைச் சுருட்டிக்கொண்டே அருகில் வந்தான். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாதவன். மலாயில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, அந்தப் பொம்பள அப்புறமாச்சும் கதவத் தெறந்தாளா?"

சீதாலெட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. தன் நாடகத்தைப் பற்றி ஒருவர் அவளிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.