நிரினாவின் அளவு

ஸ்டெல்லாமேரிக்கு நாற்பது வயது. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தெருவில் யாரைக் கேட்டாலும் "மடகாஸ்கர் டெய்லரா?" என்று கையைக் காட்டுவார்கள். முதலில் அது கிண்டல். பிறகு அதுவே பெயராகிவிட்டது.

இருபத்திரண்டு வயதில் அவள் மடகாஸ்கருக்குப் போனது உண்மைதான். பங்குக் கோயிலின் இளைஞர் குழுவில் அவள்தான் பாட்டுக்கு முன்னால் நிற்பாள். கான்வென்ட்டில் படித்த பிரெஞ்சு சரளமாக வரும். அங்கே ஒரு குழந்தைகள் இல்லம் நடத்திய கன்னியர்கள் ஓராண்டுச் சேவைக்கு ஆள் கேட்டபோது, பங்குச் சாமியார் இவள் பெயரைச் சொன்னார். கல்யாணம் பேச வேண்டிய வயதில் பெண்ணைக் கப்பல் ஏற்றுகிறான் என்று சொந்தக்காரர்கள் அப்பாவைப் பேசினார்கள். ஸ்டெல்லா காதில் வாங்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நோட்டு நிறையப் பாட்டு எழுதி எடுத்துக்கொண்டு போனாள்.

நோட்டைப் பிரிக்க வாய்ப்பு வரவில்லை. போன மூன்றாம் நாள் அவள் தன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்ததை இல்லத்தின் தலைவியான மதர் பார்த்துவிட்டார். அன்று மாலையே ஒரு கைமெஷினும், கிழிந்த துணி மூன்று மூட்டையும் அவள் அறைக்கு வந்துசேர்ந்தன. அவளோடு சேவைக்கு வந்திருந்த பிரான்சு நாட்டுப் பிள்ளைகள் முற்றத்தில் குழந்தைகளோடு பந்து விளையாடினார்கள், தோளில் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லா அந்த வருடம் முழுக்கக் கிழிசல் தைத்தாள். மலை மேல் ஊர். குளிரில் விரல் மரத்துப்போய் ஊசி குத்தினால்கூடத் தெரியாது.

நிரினா அவளிடம் வந்தது அந்தத் துணி மூட்டையால்தான். கைக்குழந்தை, தாய் இல்லை. எந்நேரமும் அழும். அந்தத் துணிக் குவியலில் கிடத்தினால் மட்டும் மெஷின் சத்தத்தில் தூங்கும். மெஷின் நின்றால் விழித்துக்கொள்ளும். அதற்காகவே ஸ்டெல்லா சில நாட்கள் தைக்க ஒன்றும் இல்லாமலும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டருக்கு முன்பு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு ஞானத்தாய் வேண்டும். சேவைக்கு வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, கைக்கு வந்தபடி மதர் குழந்தைகளைக் கொடுத்தார். மற்றவர்களுக்கு அது அன்றைய வேலைகளில் ஒன்று. ஸ்டெல்லாவோ நிரினாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். புதுச்சேரியில் அவள் பிறந்த குடும்பத்தில் ஞானத்தாயை மரேன் என்பார்கள். ஞானஸ்நான உடை, முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை உடை, கல்யாணத்தில் முதல் வரிசை எல்லாமே மரேனுடையது. பெற்றவள் இல்லாத இடத்தில் மரேன்தான் தாய். இல்லத்துப் பொது உடையை வேண்டாமென்று சொல்லி, தன் வெள்ளைத் துப்பட்டாவை வெட்டி இரண்டு இரவில் கவுன் தைத்தாள்.

"வருசா வருசம் ஒனக்கு உடுப்பு வரும்" என்று ஊருக்குக் கிளம்பிய அன்று அந்தக் குழந்தையிடம் தமிழில் சொன்னாள்.

அடுத்த வருடம் தனிஸ்லாஸ் பெண் பார்க்க வந்தான். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தனியாகப் பேச விட்டபோது அவள் சொன்ன முதல் விஷயம் இதுதான்: "அங்க எனக்கு ஒரு ஞானப்புள்ள இருக்கு. அதுக்குச் செய்யறத நிறுத்தமாட்டேன்."

"அவ்வளவு தூரத்துல இருக்குற புள்ளைதான, இருந்துட்டுப் போவுது" என்றான் தனிஸ்லாஸ்.

கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு மேனகாவுக்கு ஒரு பெண் குழந்தை, கார்குழலி. பிறந்த மாதத்தைக் கேட்டதும் ஸ்டெல்லாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிரினா பிறந்த அதே வருடம், அதே மாதம். அங்கிருந்து யார் அளவு எடுத்து அனுப்பப்போகிறார்கள்? அன்றிலிருந்து குழலியின் தோள்தான் நிரினாவின் தோள், குழலியின் இடுப்புதான் நிரினாவின் இடுப்பு. "அங்க சாப்பாடு கொறச்சல்" என்று சுற்றளவில் மட்டும் அரை அங்குலம் குறைப்பாள்.

கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் அக்டோபரிலேயே பார்சல் போட்டாக வேண்டும். அது தீபாவளி நேரம். தெருவே ஜாக்கெட் துணியோடு வாசலில் நிற்கும். அந்த நெருக்கடியிலும் நிரினாவின் கவுனுக்கு நாலு நாள் ஒதுக்கிவிடுவாள். நெஞ்சில் சுருக்குத் தையல், கழுத்தில் கையால் போட்ட பூ. குழலி ஸ்டூலில் ஏறி நிற்பாள். ஊசி இடுப்பில் படும்போது நெளிவாள்.

"ஆடாம நில்லுடி."

"இது எனக்கா அத்த?"

"இது அந்த அக்காவுக்கு. ஒனக்குத் தீபாவளிக்குத் தச்சுத் தர்றேன்."

"அவ அக்கா இல்ல. எனக்குச் சமம்தான்."

தீபாவளிக்கு முதல் நாள்வரை மற்றவர்கள் ஜாக்கெட்டே முடியாது. மேனகா ஒன்றும் கேட்க மாட்டாள். சண்டே மார்க்கெட்டில் ஒரு ரெடிமேட் வாங்கிப் போட்டுவிடுவாள். ஸ்டெல்லாவின் சொந்த மகன் ஜெஸ்டினும் ரெடிமேடில்தான் வளர்ந்தான். "ஆளுக்காளு தைக்கிற வீட்டுல நமக்கு மட்டும் தொங்குற சட்டை" என்பான் தனிஸ்லாஸ்.

குழலிக்கு ஏழு எட்டு வயதானபோது கேட்பதை நிறுத்திவிட்டாள். போட்டுப் பார்த்து, கண்ணாடிப் பக்கம் போகாமல், கழற்றிக் கொடுத்து, பெரிய மனுஷி போலச் சொல்வாள்: "அளவு சரியா இருக்குது அத்த. அனுப்பிடுங்க." அதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் அதே பேச்சு, அதே சிரிப்பு.

பதிலுக்கு ஜனவரியில் ஒரு கார்டு வரும். 'பிள்ளைகள் நலம். உங்களுக்காக வேண்டிக்கொள்கிறார்கள்.' கூடவே ஒரு குரூப் போட்டோ. முகங்கள் மிளகு அளவு. ஸ்டெல்லா பூதக்கண்ணாடி வைத்து, இரண்டாம் வரிசையில் இரட்டைச் சடைப் பெண்ணைக் கண்டுபிடித்துவிடுவாள். "வளந்துட்டா பாரு. கவுன் பத்தாது போலிருக்கு."

இந்த வருடம் நிரினாவுக்குப் பதினெட்டு. பதினெட்டானால் இல்லத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள். எங்கே போவாள், யாரிடம் போவாள்? அதற்குள் ஒரு முறை முகம் பார்த்துப் பேசிவிட வேண்டும், மரேன் என்று ஒரு தடவை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும். ஜெஸ்டின் இல்லத்தின் வாட்ஸ்அப் எண்ணை எங்கேயோ தேடிப் பிடித்துக் கொடுத்தான். ஸ்டெல்லா பதினேழாவது உடையைத் தைத்து முடித்துவிட்டு, ஒரு ஞாயிறு மதியம், பூசைக்குப் போன சேலையை மாற்றாமல் வீடியோ கால் போட்டாள்.

பழைய மதர் இறந்துவிட்டிருந்தார். புதிதாகப் பொறுப்பேற்ற சிஸ்டர் வெரோனிக், அந்த ஊர்ப் பெண், ஸ்டெல்லாவின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தாள். "புதுச்சேரியிலிருந்து உடை அனுப்புகிறவரா! மற்ற தொண்டர்கள் ஒன்றிரண்டு வருடம் எழுதுவார்கள். நீங்கள்தான் நிறுத்தவே இல்லை."

"நிரினாவைக் கூப்பிடுங்கள்" என்றாள் ஸ்டெல்லா பிரெஞ்சில்.

சிஸ்டருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒரு பழைய பதிவேட்டோடு வந்தாள். இரண்டாயிரத்து ஒன்பது பிப்ரவரியில் அத்தை ஒருத்தி வந்து குழந்தையை அழைத்துப் போயிருக்கிறாள். ஊர்ப் பெயர் எழுதவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

ஸ்டெல்லா பார்சலுக்கென்று முதல் கவுனைத் தைத்தது அந்த வருடம் அக்டோபரில்.

"இரண்டாம் வரிசையில் இரட்டைச் சடை போட்ட பெண்..."

"இங்கே பாதிப் பேருக்கு இரட்டைச் சடைதான், மேடம்." சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்துக் குழம்பினாள். "நீங்கள் எங்கள் பிள்ளைகளுக்காகத்தானே தைத்தீர்கள்? எந்த உடையும் வீணாகவில்லை. ஒவ்வொன்றையும் யாராவது போட்டுக்கொண்டார்கள்."

ஸ்டெல்லா நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

"விடு" என்றான் தனிஸ்லாஸ். "யாரோ ஏழைப் புள்ளைங்க போட்டுச்சு. புண்ணியந்தான்."

"யாரோ புள்ளைங்களுக்குத் தைக்கணும்னா நான் பக்கத்து வீட்டுக்கே தச்சிருப்பேனே."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது. பிறகு பதினேழாவது உடையை எடுத்துக்கொண்டு மேனகா வீட்டுக்குப் போனாள்.

குழலி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தட்டாஞ்சாவடியில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். ஞாயிறு மட்டும் விடுமுறை.

"இத போட்டுப் பாரு கொழலி."

"போன வாரந்தான அளவு பாத்தீங்க அத்த?"

"அளவுக்கு இல்ல. ஒனக்குத்தான்."

குழலி உடையைப் பார்த்தாள், ஸ்டெல்லாவைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணுக்கு வேணாமாமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அவ அங்க இல்லடி. ரொம்ப வருசமாவே இல்லியாம்."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மேனகா, "ஐயோ அக்கா" என்றாள். குழலி உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். தோள் இம்மி பிசகவில்லை. ஸ்டெல்லாவின் கை பழக்கத்தில் இடுப்பைத் தொடப் போனது. குழலி ஒரு அடி தள்ளி நின்றாள்.

கண்ணாடிப் பக்கம் அவள் திரும்பவில்லை. உள்ளே போய்க் கழற்றி, தையல் கலையாமல், பார்சலுக்கு மடிப்பது போலவே நாலாக மடித்து ஸ்டெல்லாவின் கையில் வைத்தாள்.

"அளவு சரியா இருக்குது அத்த" என்றாள். "அனுப்பிடுங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் தனிஸ்லாஸ் தலை நிமிர்ந்து பார்த்தான். "என்னா சொன்னா?"

"சரியா இருக்குதாம்" என்று சொல்லிவிட்டு, ஸ்டெல்லா தெருக்காரி ஒருத்தியின் தீபாவளி ஜாக்கெட்டை எடுத்து மெஷினில் வைத்தாள்.