அளவெடுத்த இருக்கை

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான்; எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில், எசன் நகருக்குப் போகும் வழியில், என் அக்காவின் மகள் மதுரா ஒரு கொட்டகையருகே வண்டியை நிறுத்துகிறாள். பட்டப்பகலிலும் மூடுபனி. உள்ளே இரண்டு பந்தயக் கார்கள் நிற்கின்றன.

பெரியது இரும்புக் குழாய்க் கூடு; மேலே மெல்லிய தகடு. முன்விளக்குகள் தகட்டில் ஒட்டிய வெறும் படங்கள். நான் எங்கே நகர்ந்தாலும் அவை என்னையே பார்க்கின்றன. மற்றது மதுராவுடையது. யாரோ ஒரு குடும்பம் ஓட்டிய பழைய காரின் கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை வெல்டிங் செய்து அடைத்திருக்கிறாள். நாளை வயலில் அவளுக்கு முதல் பந்தயம்.

"என்ரை காரிலை ஏறி இருந்து பாருங்கோ மாமா. உங்கடை வயிறு நுழையுமோ தெரியேல்லை. சீட் அந்தப் பெரிய காரிலை இருந்து கழட்டினது. அந்த மாதிரிக் கார்ப் பந்தயத்திலை ஓட்டுறவரின்ரை உடம்புக்கு அச்செடுத்துத்தான் செய்வினம். எங்கடை வயல் பந்தயத்திலை எதையும் பூட்டலாம்."

ஜன்னல் வழியாக நுழைந்து உட்காருகிறேன். தோள், முதுகு, இடுப்பு எல்லாம் அப்படியே பொருந்துகின்றன. யாரோ பின்னாலிருந்து அணைத்துப் பிடித்ததுபோல் இருக்கிறது.

"இந்தச் சீட்டுக்காரன் எங்கை, பிள்ளை?"

"போன வருசம் செத்துப்போனார். பந்தயத்திலை இல்லை மாமா, நித்திரையிலை."

எழும்பப் பார்க்கிறேன், இருக்கை விடவில்லை. மதுரா கையைப் பிடித்து இழுக்கிறாள். ஒல்லியான கை.

"எனக்கு அளவெண்டால் உனக்கு அளவில்லையே, பிள்ளை. கார் பிரண்டால் உள்ளுக்கை உருளுவாய்."

அவள் தானே ஏறி உட்கார்ந்து பார்க்கிறாள்; இரு பக்கமும் கை நுழையும் இடைவெளி.

மறுநாள் அவள் ஓடவில்லை. இருக்கையைக் கழற்றி, பெரிய காரிலேயே திரும்பப் பூட்டினோம்.