மைக் அக்காவின் மூன்று வேளை

மூன்றாவது முட்டையை உரித்துக்கொண்டே மைக் அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐந்து நாற்பது. ஆறரைக்கு அவருடைய குரல் பேருந்து நிலையத்தில் ஒலித்தாக வேண்டும். தட்டில் குன்றாகச் சோறு, அதன் உச்சியில் பருப்பு, அடிவாரத்தில் கீரை, வேகவைத்த பயறு, ஓரத்தில் தன் முறைக்காகக் காத்திருக்கும் வாழைப்பழம். அவசரம் துளியும் இல்லை. கொத்தனார் செங்கல் அடுக்குவதுபோல ஒவ்வொரு கவளத்தையும் அதனதன் இடத்தில் இறக்குகிறார். கடைசிக் கவளம் போனதும் வலது கையைக் கழுவாமலே, இடது கை விரல்களால் வயிற்றைத் தட்டிப் பார்க்கிறார். தர்பூசணி வாங்குகிறவர்கள் தட்டுவார்களே, அந்தத் தட்டு.

"டம்முனு கேட்டா உள்ள இடம் இருக்குன்னு அர்த்தம். தொப்புனு கேட்கணும்."

டம் என்றுதான் கேட்டது. இன்னொரு கரண்டி சோறு விழுந்தது.

வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் உள்ளே எட்டிப் பார்த்து, "டேங்க் ஃபுல்லா?" என்றார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வீட்டுப் பேச்சிலும் பெட்ரோல் வாசனை வீசும். 

"ஃபுல்லு. ஃபுல்லு."

மைக் அக்கா எதையும் இரண்டு முறை சொல்வார். பத்தொன்பது வருடமாக எல்லா அறிவிப்பையும் இரண்டு முறை வாசித்துப் பழகிய நாக்கு அது. "உப்பு எடுங்க. உப்பு எடுங்க" என்பார். "எங்க வீட்டுல சண்டைகூட ரெண்டு தடவை நடக்கும். மொத தடவை கவனிக்கலைன்னா பரவாயில்லை, ரெண்டாவது வரும்" என்கிறார் கணவர்.

இவ்வளவு சாப்பிடுகிறவர் ஆள் எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்களோ, அப்படி இல்லை. காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. கழுத்து எலும்பில் சாவிக்கொத்தை மாட்டலாம். சாப்பாடு எங்கே போகிறது என்று கேட்டால், "குரலுக்குப் போகுது" என்கிறார். நம்பத்தான் தோன்றுகிறது. பதினான்கு தடங்களும் நாற்பது இன்ஜின்களும் ஒரு குழந்தைப் பட்டாளத்தின் அழுகையும் சேர்ந்த இரைச்சலுக்கு மேலே, தண்ணீரில் ஒட்டாத எண்ணெய்போல, அந்தக் குரல் தனியாக மிதந்து போகும்.

அவர் வேலை பார்ப்பது தடங்களுக்கு மேலே தொங்கும் ஒரு கண்ணாடி அறை. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சிவப்புப் பொத்தான் வைத்த மைக், தண்ணீர்ப் பாட்டில். பக்கத்து நாற்காலியில் டைம் கீப்பர். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று எழுதுவது அவர் வேலை. எழுதாத கையால் கடலை கொறிப்பது அவர் வாழ்க்கை. அவருடைய பதிவேட்டை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் கடலைத் தோல் பறக்கும்.

"அக்கா, நடுவுல காத்தாவது சாப்பிடுவீங்களா?"

"தண்ணி மட்டும்தான் தம்பி. காத்து மைக்ல கேட்கும்."

காலையில் ஒரு தட்டு, பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு டப்பா, ராத்திரி ஏழு மணிக்கு ஒரு தட்டு. நடுவில் ஒரு பிஸ்கட் துண்டு கிடையாது. ஒரு பட்டாணி கிடையாது. இந்தக் கட்டுப்பாட்டை அவருக்குக் கற்றுக்கொடுத்தது டாக்டர் இல்லை. ஒரு மிட்டாய்.

இரண்டரை வருடத்துக்கு முன்பு மைக் அக்காவும் எல்லாரையும்போலக் கொறிக்கிறவராகத்தான் இருந்தார். காலையில் ஒரு டீயோடு கிளம்பிவிடுவார். பிறகு பத்து மணிக்கு பன், பதினொன்றுக்கு பிஸ்கட், மதியம் பேருக்கு நாலு வாய், மூன்றுக்குக் கடலை, நாலு மணிக்கு மிட்டாய். கணவர் காரில் ஒரு மிட்டாய்ப் பொட்டலம் எப்போதும் இருக்கும். முதல் தடவை ஸ்டீயரிங்கைப் பிடித்து நடுங்குகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக வாங்கியது. அதில் பாதி நடுங்காதவர்கள் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்று நிலையத்தில் இரண்டு வாடகைப் பேருந்துகள் நின்றன. வாடகைப் பேருந்துக்கு ஊர்ப் பலகை கிடையாது. மைக் சொல்வதுதான் பலகை. முதல் தடத்தில் நின்றது ஒரு கல்யாண கோஷ்டிக்கானது. மாப்பிள்ளை வீட்டார் நாற்பத்து மூன்று பேரும் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். மூன்றாம் தடத்தில் நின்றது சிறைச்சாலைக்குப் போவது. அன்று கைதிகளை உறவினர்கள் பார்க்கும் நாள். மைக் அக்கா பொத்தானை அழுத்தினார். வாயில் மிட்டாய். அது சாதாரண மிட்டாய் இல்லை. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சமரசம் செய்து ஒட்டவைக்கும் ஜாதி.

"மாப்பிள்ளை வீட்டார் செல்லும் பேருந்து, தடம் எண்... ம்ம்ஒன்று."

வாயைத் திறந்தால் அது ஒன்று. உதடு ஒட்டிக்கொண்டு 'ம்' முன்னால் வந்தால் அது மூன்று. அவர் வழக்கப்படி அதை இரண்டு முறை வேறு சொன்னார். சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. நாற்பத்து மூன்று பேரும் மூன்றாம் தடத்துக்கு ஓடி ஏறிக்கொண்டார்கள். டிரைவர் புதியவர், வண்டி நிறைந்தது, எடுத்துவிட்டார்.

உயரமான மதில் தெரிந்தபோதும் யாருக்கும் உறைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன், "காம்பவுண்டே இவ்வளவு பெருசா இருக்கே. பெரிய இடத்துச் சம்பந்தம்தான்" என்று மீசையை நீவியிருக்கிறார். இறங்கி நின்றவர்களிடம் காவலர் ஒரு நோட்டை நீட்டி, "கையெழுத்துப் போட்டுட்டு ஒவ்வொருத்தரா உள்ள போங்க. யாரைப் பார்க்கணும்?" என்றாராம். "பொண்ணைத்தான்" என்றாராம் மாப்பிள்ளை.

போக வேண்டியது மாமியார் வீடு. போய்ச் சேர்ந்ததும் மாமியார் வீடு. அந்த வகையில் அறிவிப்பில் தவறே இல்லை என்று டைம் கீப்பர் இன்றைக்கும் வாதாடுவார். மீதமிருந்த பேருந்தில் ஏறிய கைதிகளின் உறவினர்கள் பெண் வீட்டில் போய் இறங்க, அவர்களைச் சம்பந்தி வீட்டார் என்று நினைத்துப் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறிவிட்டார்கள். அவர்களும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் தாமதமாகக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மைக் அக்காவுக்கு மெமோ வந்தது.

"இன்னொரு தடவை உங்க வாயில ஏதாவது இருந்துச்சுன்னா, கையில மைக் இருக்காது" என்றார் நிலைய மேலாளர். அவர் எதையும் ஒரு முறைதான் சொல்வார்.

மறுநாளே மைக் அக்கா கொறிப்பதை நிறுத்தினார். அதுவும் வினையாகப் போயிற்று. பதினொரு மணிக்குப் பொத்தானை அழுத்தி, "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று ஆரம்பித்த உடனே வயிறு குறுக்கே பேசியது. பதினான்கு தடங்களிலும் அது கேட்டது. ஏழாம் தடத்தில் ஒரு பெரியவர், வண்டி கிளம்பிவிட்டது என்று நினைத்து ஓட ஆரம்பித்தார்.

"அன்னைக்குத்தான் புரிஞ்சுது. வாயை மூடினா வயிறு பேசுது. வயித்தை மூடணும்னா முன்னாடியே அதுக்குக் குடுத்துடணும். வாய் காலியா இருக்கணும், வயிறு காலியா இருக்கக் கூடாது."

கணவர் உடனே தன் பாஷையில் மொழிபெயர்த்தார்: "காலைலயே டேங்க்கை ரொப்பிட்டா வழியில எந்த பங்க்கையும் திரும்பிப் பார்க்க வேணாம்." அப்படிச் சொன்னவர் இன்றுவரை எல்லா பங்க்கிலும் நின்றுதான் போகிறார். சட்டையின் வலது பையில் கடலை, இடது பையில் மிட்டாய். மனைவி பக்கத்தில் இருந்தால் இரண்டு பைகளையும் கையால் மூடிக்கொண்டு நடப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கோ மரியாதை செலுத்துகிறார் என்று தோன்றும்.

உறவினர்களுக்குத்தான் சங்கடம். யார் வீட்டுக்குப் போய் என்ன தட்டு நீட்டினாலும், "இப்போ வேணாம். இப்போ வேணாம்" என்றால் கோபம் வராதா. அதற்கும் மைக் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். எந்த வீட்டுக்கும் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கே போவது. நாத்தனார் நொந்துபோயிருக்கிறார். "அண்ணி பலகாரம் தொட மாட்டாங்கன்னு கேட்டப்போ, செலவு மிச்சம்னு நெனச்சேன். இப்போ அவங்க வந்துட்டுப் போனா மறுபடியும் உலை வைக்க வேண்டியிருக்கு."

அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் அந்தக் கண்ணாடி அறையில் போய் உட்கார்ந்த நாளில் மைக் அக்கா டப்பாவை வழக்கத்தைவிட அழுத்தி நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அறிவிப்புகளை முன்கூட்டியே பதிவுசெய்து ஒலிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கலாமா, மைக் அக்காவே தொடரலாமா என்று அவர் பார்த்து எழுதிவிட்டுப் போவார். எழுதினால் அதோடு முடிந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு டப்பா திறந்தது. சோறு, உருளைக்கிழங்கு, பொரித்த மீன், அவரை, தனியாக ஒரு கிண்ணம் தயிர். டைம் கீப்பர்கூடக் கடலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். மைக் அக்கா வயிற்றைத் தட்டினார். டம். மிச்சமிருந்த சோற்றைத் தயிரில் பிசைந்தார். தட்டினார். தொப்.

"அக்கா, இனிமே பூகம்பமே வந்தாலும் வயிறு வாயைத் திறக்காது" என்றார் டைம் கீப்பர்.

இரண்டு மணிக்கு அதிகாரி வந்தார். வழுவழுப்பான முகம், மடிப்புக் கலையாத சட்டை, கையில் கட்டம் கட்டமாக அச்சடித்த படிவம். ஒரு கட்டத்தின் தலைப்பு 'தவறுகள்'. பேனாவைத் திறந்து அந்தக் கட்டத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மைக் அக்கா வாசித்தார். ஐந்தாம் தடம், பதினோராம் தடம், இரண்டாம் தடத்தில் தவறவிட்ட குடை, எட்டாம் தடத்தில் தாயைத் தேடும் மகன், வயது ஐம்பத்திரண்டு. எல்லாம் இரண்டிரண்டு முறை. பேனா இறங்கவே இல்லை. மூன்றரைக்கு அதிகாரிக்குக் கொட்டாவி வந்தது. அவர் மதியம் சாப்பிட்டது, வரும் வழியில் ஒரு பன் என்பது பேச்சில் தெரிந்தது.

நாலு மணி. கீழே கடலைக்காரரும் பன்காரரும் கூவ ஆரம்பிக்கிற நேரம். அதிகாரி பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்தார். டைம் கீப்பர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அதே மிட்டாய்.

"எடுத்துக்கங்கம்மா."

"சாப்பிட்டுட்டேன் சார். சாப்பிட்டுட்டேன் சார்."

"அது மத்தியானம். இதென்ன, ஒண்ணே ஒண்ணு."

"அந்த ஒண்ணுதான் சார் மூணாச்சு."

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு மிட்டாய்களைப் பிரித்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். மெல்லத் தெம்பு வந்தது. தெம்போடு ஆர்வமும் வந்தது. "நீங்க நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா ஏத்த இறக்கம் ஜாஸ்தி. மெஷின் ஒரே சீரா சொல்லும். அதுக்குப் பசிக்காது, தூங்காது. எப்படி இருக்கும்னு நானே சொல்லிக் காட்டறேன் பாருங்க."

மணி நாலு இருபது. அடுத்த அறிவிப்பு, சுற்றுலா கிளம்பும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு. பலகையில்லாத வாடகைப் பேருந்து, முதல் தடத்தில். மூன்றாம் தடத்தில் நின்றுகொண்டிருந்தது எது என்று மைக் அக்காவுக்குத் தெரியும், டைம் கீப்பருக்குத் தெரியும், அதன் டிரைவருக்குத் தெரியும். அவரும் பலகை போடாதவர்தான்.

"சார், வாயில..." என்றார் மைக் அக்கா. அதற்குள் பொத்தான் அழுந்திவிட்டது.

"ஆசிரியர்கள் செல்லும் பேருந்து, தடம் எண்... ம்ம்ஒன்று."

கண்ணாடிக்குக் கீழே ஐம்பது வெள்ளைத் தலைகள் நிமிர்ந்தன. ஐம்பது பேரும் பைகளை எடுத்தார்கள். ஆசிரியர்கள் இல்லையா, தள்ளுமுள்ளு எதுவும் இல்லாமல், இருவர் இருவராக வரிசை கட்டி, சிறைச்சாலைப் பேருந்தை நோக்கி ஒழுங்காக நடந்தார்கள். முன்னால் போன அம்மையார் படியில் கால் வைத்துவிட்டார். அதிகாரி திருத்திச் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தட்டினார். ஆசிரியர்கள் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார்கள்.

மைக் அக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஆசிரியர் பெருமக்களின் அன்பான கவனத்திற்கு. உங்கள் பேருந்து தடம் எண் ஒன்று. ஒரு விரல். ஒன்று. நீங்கள் ஏறிக்கொண்டிருப்பது சிறைச்சாலைக்குச் செல்லும் பேருந்து. தயவுசெய்து இறங்கிவிடவும்."

மறுபடியும் அதையே, அதே நிதானத்தில், இரண்டாவது முறை. 'ஒன்று' என்ற சொல்லில் அவருடைய வாய் முழு வட்டமாகத் திறந்ததை அதிகாரி பக்கத்திலிருந்து பார்த்தார். கீழே வரிசை அப்படியே திரும்பியது. முன்னால் போன அம்மையார் இப்போது கடைசி ஆளாகிவிட்ட கோபத்தில் குடையை ஓங்கிக்கொண்டு போனார். டைம் கீப்பர் மேசைமேல் கவிழ்ந்து, பதிவேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினார். கடலைத் தோல் அறை முழுவதும் பறந்தது.

அதிகாரியின் பேனா எங்கேயோ உருண்டு போயிருந்தது. கன்னம் உப்பி, கண் கலங்கி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றாகிப்போய் அவர் மைக் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக் அக்கா முதலில் சிவப்புப் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு காலி டப்பாவின் மூடியை எடுத்து, முந்தானையால் ஒரு துடை துடைத்து, அதிகாரியின் முகவாய்க்குக் கீழே நீட்டினார்.

"துப்புங்க" என்றார். "துப்புங்க."