அங்கப்பனின் விளக்கக் கடிதம்

காலை ஆறேகால் மணிக்குச் சின்னத்தாயி வந்து என் வீட்டுக் கேட்டைத் தட்டினாள். எங்கள் மழலையர் பள்ளியின் ஆயா அவள். நான் அங்கே தலைமையாசிரியை.

"டீச்சர், நம்ம வாட்ச்மேன் அங்கப்பண்ணன் போயிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க."

"நீ முன்னால போ, வாரேன்" என்றேன். அவள் திரும்பிப் போகும்போது என் மனதில் முதலில் வந்தது துக்கம் இல்லை. இனி அவர் யாரிடமும் சொல்லமாட்டார் என்ற நிம்மதி. அதை நினைத்ததும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அங்கப்பனின் குடும்பம் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலிக்குப் போனது. கல்யாணத்துக்குப் பிறகு மனைவி மாசாணியம்மாளோடு சிங்காநல்லூர் வந்து, மில்லில் பஞ்சு மூட்டை தூக்கினார். மில் மூடியதும் 1993இல் எங்களிடம் சேர்ந்தார். 1996இல் தாளாளரின் நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து பிளாஸ்டிக் புல்தரை அனுப்பினார். பள்ளி முன்வாசலில் அதை விரித்தபோது பெற்றோர் குனிந்து தடவிப் பார்த்தார்கள். எப்படிப் பராமரிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கப்பன்தான் தானாகவே கண்டுபிடித்தார்.

வெயில் ஏறுவதற்கு முன் மாசிக் கடைசியிலேயே அவர் வேலை தொடங்கிவிடும். வேப்பஞ்சருகைப் பொறுக்கி எடுப்பார். படுத்துக் கிடக்கும் புல்லைச் சீமாற்றால் எதிர்ப்பக்கமாகத் தேய்த்து நிமிர்த்துவார். சலித்த ஆற்று மணலைத் தூவி, அது அடியில் இறங்கும்வரை கையால் தடவுவார். பிரிந்த இணைப்புகளைச் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வைத்து ஒட்டுவார். பிள்ளைகள் செருப்பில்லாமல் விளையாட வருவதற்கு முன், பத்து மணிக்குத் தண்ணீர் தெளிப்பார். பிறகு தன் வெறுங்காலை வைத்துப் பத்து எண்ணுவார். எண்ணி முடிக்க முடிந்தால்தான் பிள்ளைகளை விடுவார்.

சின்னத்தாயி அவரை விடமாட்டாள். "ஏனுங்கண்ணா, தண்ணி ஊத்தி ஊத்தி உங்க புல்லு எத்தன இஞ்சு வளந்துச்சுங்க?"

"உன்ற வாயளவுக்கு வளரலீங்க அம்மணி."

போன வருடம் ஏப்ரலில் அந்தச் சிங்கப்பூர் நண்பர் புல்தரையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். ஈரத்தில் அவருடைய ஷூ சொதசொதக்கும் என்று எனக்குத் தோன்றியது. அன்று தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்றேன்.

"பதினோரு மணிக்கு அது தோசைக்கல்லுங்க டீச்சர்."

"பத்து நிமிசம்தான் அங்கப்பா. பிள்ளைக ஒரு வரவேற்புப் பாட்டுப் பாடிட்டு உள்ள போயிருவாங்க."

விருந்தாளி நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் புல்தரையில் வெறுங்காலோடு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். அங்கப்பன் இரண்டு முறை என் பக்கம் வந்தார். இரண்டு முறையும் கையைக் காட்டி நிறுத்தினேன். அன்று மாலை இனியா என்ற எல்கேஜி குழந்தையின் உள்ளங்கால்கள் கொப்புளித்திருந்தன.

மறுநாள் அவள் அம்மா மெர்சி வந்து சத்தம் போட்டாள். தண்ணீர் தெளிப்பது யார் வேலை என்று தாளாளர் கேட்டார். அங்கப்பன் வேலை என்றேன். அது பொய் இல்லை.

மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரும்படி அவருக்கு மெமோ போனது. ஒரு வெள்ளைத்தாளோடு என் அறைக்கு வந்தார். அவருக்கு விடுப்புக் கடிதம் எல்லாம் எழுதிக் கொடுப்பது நான்தான்.

"நீங்களே எழுதிக் குடுத்துருங்க டீச்சர்."

எழுதினேன். 'அன்று தண்ணீர் தெளிக்க மறந்துவிட்டேன். மன்னிக்க வேண்டுகிறேன்.' வாசித்தும் காட்டினேன்.

"மறந்துட்டேன்னா எழுதீருக்கீங்க?"

நான் பேனாவை நீட்டினேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "செரிங்க டீச்சர்" என்று சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

அவரைப் பின்கேட்டுக்கு மாற்றினார்கள். புல்தரை வேலை சின்னத்தாயிக்குப் போனது. அதன் பிறகும் அவர் தினமும் எனக்கு வணக்கம் சொன்னார். முன்பு சொன்ன அதே குரலில்தான் சொன்னார். நான்தான் பின்கேட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

இன்று அவர் வீட்டுக்கு மெர்சியும் வந்திருந்தாள். மாசாணியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நானும் ரொம்பப் பேசிப்போட்டனுங்க. மனுசன்னா மறக்கறதுதானுங்க" என்றாள்.

மாசாணியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "எதையும் மறக்கற ஆளில்லீங்க டீச்சர். ரேசன் கடைக்குச் சீனி என்னிக்கு வருதுன்னு எனக்கே அவருதான் சொல்லோணும். அதொண்ண மட்டும் எப்படி மறந்தீங்கன்னு கேட்டனுங்க. சிரிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

கட்டிய மனைவியிடம்கூட அவர் என் பெயரைச் சொல்லவில்லை. இருவரும் என்னைப் பார்த்தபடி இருந்தார்கள். அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாங்க, பொறுப்பான ஆளு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது தாளாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மெர்சிக்கும் மாசாணியம்மாளுக்கும் கொடுக்க இரண்டு நகல்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று சொன்னது நான், அவர் மறந்துவிட்டதாக எழுதியதும் நான் என்று நாலே வரி. அது எந்தத் தேதி என்று நினைவில்லாததால், 'ஏப்ரல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிறிது இடம் விட்டேன். போன வருட டைரி மேசை டிராயரில்தான் இருக்கிறது. நான் இன்னும் அதை எடுக்கவில்லை. மூன்று தாள்களிலும் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.