தாம்பாளத்தில் ஒரு பாக்குவெட்டி

எத்தனை அமுக்கியும் வைத்தா மாமாவின் பாக்கு வெட்டுப்படவே இல்லை.

போன வாரம், துர்காஷ்டமி சாயங்காலம். வலியசாலையில் என் அக்கா வீட்டுக் கூடம். கொலு பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் எதிர்வீட்டு வைத்தா மாமா சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். வெற்றிலைத் தாம்பாளத்தில் இருந்த பாக்குவெட்டியை எடுத்து, கொட்டைப்பாக்கை அதன் வாயில் கொடுத்து அமுக்கினார். 'கிர்ரிக்' என்று ஒரு சத்தம். பாக்கு நழுவி என் மடியில் விழுந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி கிர்ரிக்.

"இதென்ன மணி, புது மாடலாக்கும்? கைப்பிடி நன்னா இருக்கு. வாய்தான் செரியில்லை."

மணி என்பது என் அக்கா கணவர். எனக்கு அத்திம்பேர். "எனக்கும் தெரியலை மாமா. சாயங்காலம் பூஜை வச்ச இடத்துல கிடந்தது. யாரோ மறந்து வச்சிருக்கான்னு நான்தான் எடுத்து இங்கே போட்டேன்" என்றார்.

சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த காயத்ரியின் கை அப்படியே நின்றது.

"அப்பா, அது என்னோடதுப்பா."

அது பாக்குவெட்டி இல்லை. கிரிம்பிங் டூல். இன்டர்நெட் கஃபேக்களில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கேபிள் ஓடுகிறதே, அந்தக் கேபிளின் முனையில் பிளாஸ்டிக் கனெக்டரை மாட்டி அமுக்குகிற கருவி. பார்ப்பதற்குப் பாக்குவெட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரிதான் இருக்கிறது. எங்கள் அக்ரஹாரத்தில் வேறு எப்படித்தான் நினைப்பார்கள்?

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மலையாள தேசத்தில் இருக்கிற எங்கள் ஊரில் அஷ்டமி சாயங்காலம் பூஜை வைப்பு. புத்தகம், பேனா, தொழில் கருவி... எது உங்களுக்குச் சோறு போடுகிறதோ, அல்லது போடப் போகிறதோ, அதைச் சரஸ்வதியின் முன்னால் வைத்துவிட வேண்டும். விஜயதசமி காலையில் எடுக்கிறவரை தொடக்கூடாது, ஓர் எழுத்து படிக்கக்கூடாது. சின்ன வயதில் நான் முதலில் கொண்டுபோய் வைப்பது கணக்குப் புத்தகம். பக்தி அப்படி.

காயத்ரி இந்த வருஷம் புத்தகமே வைக்கவில்லை. அந்த டூலை மட்டும் வைத்திருந்தாள்.

அவள் என் அக்காவின் ஒரே பெண். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். "இதை என் பத்திரிகைப் பத்தியில எழுதட்டுமாடீ?" என்று அவளிடமே கேட்டேன். "தாராளமா எழுது சித்தி. அப்பா உன் பத்தியைப் படிக்கவா போறார்?" என்றாள். உண்மைதான். அத்திம்பேர் வீட்டில் தமிழ்தான் பேசுவார், ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். என் பத்தியின் தலைப்பைத் தாண்டுவதற்குள் அவருக்கு ஆபீஸ் பஸ் வந்துவிடும்.

காயத்ரி பி.டெக். கம்ப்யூட்டர் சயன்ஸ், மூன்றாம் வருஷம். என்ட்ரன்ஸில் கிடைத்த ரேங்குக்கு அந்தப் பிரிவு கிடைத்தது. கிடைத்ததை யாராவது விடுவார்களா? அன்றைக்குத் தெருவுக்கே பால் பாயசம். மறுநாளிலிருந்து தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் போய் மூடியைக் கழற்றி, ஊதி, துடைத்து, எதையோ பிடுங்கி எதையோ சொருகி எழுப்பிவிட்டு வருவாள். கம்ப்யூட்டர் படிப்பு என்றால் இதுதான் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஆனால் காலேஜில் சொல்லிக்கொடுத்தது வேறு. காகிதத்தில் கணக்கு, காகிதத்தில் புரோகிராம், காகிதத்தில் கம்பைலர். ஒரு புரோகிராம் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளுமாம். அந்த இடத்தில் இவள் மாட்டிக்கொண்டாள். "அது கூப்பிட்டுண்டே உள்ளே போறது சித்தி. நானும் பின்னாடியே போறேன். திரும்பி வர வழி தெரியலை" என்று ஒருநாள் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பேப்பர்கள் போக ஆரம்பித்தன. சப்ளிமென்டரி எழுதினாள். அதுவும் போயிற்று. மக்கு என்று சொல்லிவிடாதீர்கள். விடியற்காலை எழுந்து படிக்கிற பெண். மனப்பாடம் செய்து பார்த்தாள், ட்யூஷன் போய்ப் பார்த்தாள், வியாழக்கிழமை விரதம்கூட இருந்து பார்த்தாள்.

லீவு நாட்களில் மட்டும் முகம் வேறாக இருக்கும். தம்பானூர் பக்கம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனி. ஆபீஸ்களுக்கும் கஃபேக்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிறவர்கள். பக்கத்தில் ஒரு கஃபேயில் அவர்கள் வேலை செய்வதை வேடிக்கை பார்க்கப் போனவள், கேபிளைக் கையில் வாங்கிவிட்டாள். அப்புறம் அவர்களோடு அடிக்கடி போக ஆரம்பித்தாள். ஏணியில் ஏறி, சீலிங்குக்குள் தலையை விட்டு, கேபிள் இழுத்து, முனையில் கிரிம்ப் பண்ணி, கீழே இறங்கி ஸ்விட்சைப் போட்டால் பச்சை விளக்கு மினுங்கும். "அது மினுங்கினா பாஸ் சித்தி. மினுங்கலைன்னா ஃபெயில். பேப்பர் திருத்தறவா யாரும் நடுவுல இல்லை" என்பாள்.

கொலுவுக்கு வந்தவர்கள் போன பிறகு விசாரணை ஆரம்பமாயிற்று.

"புஸ்தகமெல்லாம் எங்கே?" என்றார் அத்திம்பேர்.

"மேஜை மேல இருக்குப்பா."

"அதை வைக்காம இதை ஏன் வச்சே?"

காயத்ரி சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொல்லிவிட்டாள். "பி.டெக்கை நிறுத்திக்கறேன்ப்பா. என்னால முடியலை. நெட்வொர்க்கிங்குக்குன்னு தனியா கோர்ஸ் இருக்கு. அதைப் படிக்கறேன். அந்த வேலை எனக்கு நன்னா வரது."

"பி.டெக்கை விட்டுட்டு ஒயர் இழுக்கப் போறியா?" அத்திம்பேர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. ஆனால் டூலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அதை வாசல் பக்கம் வீசிவிடுவார் என்றே நினைத்தேன்.

அக்கா குறுக்கே வந்தாள். "பூஜைல வச்ச வஸ்துவைத் தசமிக்கு முன்னாடி எடுத்ததே தோஷம். முதல்ல திரும்ப வச்சுட்டு வாங்கோ. அப்புறம் திட்டுங்கோ."

சாஸ்திரம் என்று வந்துவிட்டால் அத்திம்பேருக்கு வேறு வழி கிடையாது. டூலைத் துடைத்தார். கைப்பிடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஒரு செம்பருத்தியைச் சாத்தி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தவருக்குத் திட்ட வரவில்லை. தன் கையாலேயே பொட்டு வைத்துவிட்டு வந்த ஒன்றை யாரால் திட்ட முடியும்?

மறுநாள் நவமி. காலையிலும் சாயங்காலமும் விளக்கேற்றும்போது அத்திம்பேர் அந்த டூலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அக்கா சொன்னாள்.

அன்று சாயங்காலம் காயத்ரி அந்தக் கம்பெனிக்குப் போனாள். அங்கும் பூஜை. பையன்களின் டூல் பாக்ஸ்கள் வரிசையாகக் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவலும், மலர் என்கிற பொரியும் கொடுத்தார்கள். இவள் முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்... படிப்பை விட்டுவிட்டு, கோர்ஸ் முடித்துவிட்டு வந்தால் டெக்னீஷியன் வேலை தருவீர்களா என்று.

நல்ல மனிதர்தான். இவளை மோளே, அதாவது மகளே என்றுதான் கூப்பிடுவார். "மோள் ஃப்ரண்ட் ஆபீஸில் இருந்நா மதி" என்றாராம். முன்னறையில் உட்கார்ந்தால் போதுமாம். ஃபோன் எடுக்கலாம், பில் போடலாம், ஏசி உண்டு. லீவு நாளில் கூடமாட உதவி செய்தது வேறு. தினமும் ஒரு பெண்பிள்ளையை ஏணியில் ஏற்றினால் கஸ்டமர்கள் என்ன சொல்வார்கள்? கிளம்பும்போது ஆறுதலாக இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். பி.டெக் முடித்துவிட்டு வந்தால் கதையே வேறு. எஞ்சினியர் என்று சொல்லி சைட்டுக்கு அனுப்பலாம், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அவரிடம் ஏணி ஏறுகிற பையன்களில் பாதிப் பேர் பத்தாம் கிளாஸ். ஆண்பிள்ளை ஏறினால் அது வெறும் ஏணி. பெண்பிள்ளை ஏற வேண்டும் என்றால் பி.டெக் வேண்டும்!

இதையெல்லாம் அவள் அக்காவிடம் சொல்லவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்து, சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னிடம்தான் சொன்னாள்.

"அப்பாகிட்டே சொல்லிடாதே சித்தி. அப்பா வேண்டாம்னார், அதனாலே விட்டேன்னு இருக்கட்டும். அது எனக்குக் கொஞ்சம் மரியாதையா இருக்கும்."

நான் தோசை வார்த்துப் போட்டேன். நாலு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

விஜயதசமி காலை. கற்பூரம் காட்டி, பூஜை எடுக்கிற நேரம். அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும். அத்திம்பேர் தன் பேனாவால் ஒரு வரி எழுதினார். அக்கா சுலோகப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்தாள். என் பேனாவை நான் எடுத்துக்கொண்டேன்.

அத்திம்பேர் குனிந்து அந்த டூலை எடுத்தார். குங்குமம் கலையாமல் இரண்டு கையாலும் பிடித்து, மகளிடம் நீட்டினார்.

"இந்தா, வாங்கிக்கோ. ரெண்டு நாளா யோசிச்சேன். உனக்கு எது வரதோ அதைப் படி. யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

முப்பது வருஷமாக எனக்கு அவரைத் தெரியும். ஒன்றைச் சொல்லிவிட்டு மாற்றிச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அந்த மனிதர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். காயத்ரி என்னைப் பார்த்தாள். நான் கொலுப்படியைப் பார்த்தேன். அவளுக்கு மிச்சமிருந்த ஒரே மரியாதை, அப்பா தடுத்தார் என்பது. அதையும் அந்த நல்ல மனிதர் தெரியாமல் பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

"வேண்டாம்ப்பா" என்றாள். "நானும் யோசிச்சேன். பி.டெக்கையே முடிச்சுடறேன்."

மேஜைக்குப் போய், பூஜையில் வைக்காத அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்து வந்து மணையில் உட்கார்ந்தாள். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு வரி வாசித்தாள். எங்கள் யாருக்கும் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது.

அத்திம்பேருக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில். சரஸ்வதி நல்ல புத்தி கொடுத்துவிட்டாள் என்று வைத்தா மாமா வீடுவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நான் அவரோடு போகவில்லை. வீட்டில் மனசு மாறாததால்தான் பெண்கள் நின்றுபோகிறார்கள் என்று இதே பத்தியில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இந்த வீட்டில் மாறிற்று. இரண்டே நாளில் மாறிற்று. அதை வாங்கிக்கொண்டு போக அவளுக்குத்தான் ஓர் இடம் இல்லை.

நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கொலு பொம்மைகளைக் கட்டிப் பரணில் ஏற்றியாயிற்று. காயத்ரி உள்ளே சப்ளிமென்டரிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பூஜை அலமாரியில் அந்த டூல் மட்டும் அப்படியே இருந்தது. அவள் எடுக்கவில்லை. பெண்ணுக்கு நல்ல புத்தி வந்தது அதனால்தான் என்று அத்திம்பேர் அதை அங்கேயே வைத்திருக்கிறார்.

தினமும் குளித்துவிட்டு வந்து அதற்கு ஒரு பூ வைக்கிறார்.